கிழித்துப்போட்ட கொழும்புக் கடுதாசி

நான் வேலை பார்த்த கல்லூரியில் நூலகத்துக்குப் பின்னால் ஒரு நீளமான அறை இருந்தது. உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அந்த அறையை வரலாற்றுப் பேராசிரியர் கேட்டு வாங்கினார். சுண்ணாம்பு அடித்து, சுவரோரம் மர அலமாரிகள் போட்டு, ஊர் ஊராகப் போய்ப் பழைய காகிதங்களைக் கொண்டுவந்து அடுக்கத் தொடங்கினார். அரண்மனைக் காகிதமெல்லாம் திருவனந்தபுரத்தில் பத்திரமாக இருக்கிறது, வீட்டுப் பரணில் கிடப்பதைத்தான் கரையான் தின்கிறது என்பார். மாணவர்கள் அந்த அறைக்கு எலிப்பொந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், என் இருபத்து மூன்றாவது வயதில், அந்தப் பொந்துக்கு நான் எழுத்தராகப் போனேன்.

என்னை எடுத்ததற்குக் காரணம் என் படிப்பு என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதெல்லாம் சும்மா. பேராசிரியர் ஒரு வீட்டுக்குப் போனால் ஆண்கள் எதிரில் உட்கார்ந்து பேசுவார்கள், பெண்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து எழுத ஒரு பெண் வேண்டியிருந்தது. கையெழுத்து திருத்தமாக இருக்க வேண்டும், வாய் அதிகம் இருக்கக் கூடாது. முதலாவது என்னிடம் இருந்தது. இரண்டாவதை அவர் விசாரிக்கவில்லை.

வேலை இரண்டு விதம். ஒன்று, வயதானவர்கள் சொல்வதை எழுதுவது. பேச்சைப் பிடித்துவைக்கிற கருவி எதுவும் எங்களிடம் கிடையாது. சொல்லச் சொல்ல எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு வருவேன். அந்த நோட்டுகளுக்கு நாங்கள் சொல்நோட்டு என்று பெயர் வைத்திருந்தோம். இன்னொன்று, வீடுகளிலிருந்து வருகிற காகிதக் கட்டுகளைப் பிரித்து, தூசி தட்டி, வசம்பும் வேப்பிலையும் போட்டு வைப்பது. இதற்குப் பேராசிரியர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு தாளைக் கையில் எடுத்ததும் பென்சிலால் எண் போட வேண்டும். அது எதற்குள், எந்த இடத்தில் இருந்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். வாசிப்பது அதற்கும் பிறகுதான். முதலிலேயே வாசித்தால் மனசு ஒரு பக்கம் சாயும், கை எதையாவது ஒதுக்கிவிடும் என்று முதல் நாளே சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

இந்தத் தாலுக்காக்கள் திருவிதாங்கூரோடு இருக்குமா, தமிழ்நாட்டோடு சேருமா என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்த காலம். இனி இந்தப் பழைய காகிதத்துக்கு மதிப்பிருக்குமோ என்னவோ என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அதனாலேயே எங்களுக்குக் கட்டுகள் நிறைய வந்தன. சாக்கில் வரும், தகரப்பெட்டியில் வரும், ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் தொட்டில் துணியில் கட்டிக் கொண்டுவந்தார்.

எங்கள் பக்கத்தில் கடுதாசியை எப்படி வைத்திருப்பார்கள் என்று இங்கே சொல்லியாக வேண்டும். உத்தரத்தில் ஒரு கொக்கிக் கம்பி தொங்கும். வருகிற கடுதாசியை வாசித்துவிட்டு அதில் குத்திவிடுவார்கள். மூலையில் மஞ்சள் தடவி வருவது கல்யாணக் கடுதாசி, அதுவும் கம்பிக்குப் போகும். மூலையில் கறுப்பு தடவி வந்தால் மட்டும் கதை வேறு. அதை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு வரக் கூடாது. என் அப்பா தெருவில் நின்றபடியே வாசிப்பார், வாசித்த கையோடு கிழித்து ஓடையில் போடுவார், கால் கழுவிவிட்டுத்தான் படியேறுவார். எழவுக் கடுதாசியைப் பத்திரப்படுத்துகிறவர்கள் அடுத்த எழவைக் கூப்பிடுகிறார்கள் என்று அம்மா சொல்வாள். அதனால் எங்கள் அலமாரியில் இருந்த ஆயிரக்கணக்கான கடுதாசிகளில் பிறப்பும் கல்யாணமும் வழக்கும் வியாதியும் இருந்தன, சாவு மட்டும் இல்லை. பேராசிரியருக்கு இது பெரிய குறை. நம் ஊரில் யாருமே சாகவில்லை என்று நாளைக்கு ஒருவன் எழுதுவான் என்று சொல்லித் தலையில் தட்டிக்கொள்வார்.

ஐம்பத்துமூன்றில், தோவாளையிலிருந்து ஒரு பூக்காரக் குடும்பத்தின் கட்டு வந்தது. வீட்டுத் தலைவர் இறந்துபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் மகன் பரணைக் காலி செய்து இரண்டு சாக்குகளை பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். எந்தக் கோயிலுக்கு என்ன மாலை, எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை முழம் என்று எழுதிய துண்டுகள், தீர்வை ரசீதுகள், பழைய பஞ்சாங்கங்கள். அவற்றோடு கொழும்புக் கடுதாசிகள் ஒரு கத்தை. இறந்தவரின் தம்பி யுத்த காலத்தில் கொழும்புக்கு ஒரு துணிக்கடை வேலைக்குப் போனவர். எல்லாக் கடுதாசியும் அண்ணனுக்குத்தான் எழுதியிருந்தார். எல்லாவற்றின் நடுவிலும் கம்பி குத்திய துருப்பிடித்த ஓட்டை இருந்தது. எல்லாவற்றின் அடியிலும் ஒரே கேள்வி இருந்தது: மகளுக்குத் தலைமுடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது, ஒரு நூலில் அளந்து அனுப்பச் சொல்லவும். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுதான் வினை. எண் போடுவதற்கு முன்னால் வாசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு பஞ்சாங்கத்தை உதறும்போது உள்ளிருந்து ஒரு கடுதாசி விழுந்தது. நாலு மூலையிலும் கறுப்பு. கடையில் கூட வேலை செய்த ஒருவர் எழுதியிருந்தார். தங்கள் தம்பி காய்ச்சலில் கிடந்து பெரிய ஆஸ்பத்திரியில் போன செவ்வாய்க்கிழமை விடியற்காலம் காலமானார் என்று இருந்தது. நான் வாசித்து முடித்தேன். எனக்குக் கண் நிறைந்தது. எழுந்து வாசலுக்குப் போனேன், கிழித்தேன், மழைத்தண்ணீர் ஓடுகிற ஓடையில் போட்டேன், குழாயில் கையும் காலும் கழுவினேன், உள்ளே வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. கை செய்துவிட்டது. பிறந்ததிலிருந்து பார்த்ததைக் கை செய்துவிட்டது.

வெளியே ஓடினேன். நல்ல மழை. ஒரு துண்டுகூட இல்லை.

பேராசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். அந்த வீட்டுக்குத்தான் விஷயம் தெரியுமே, ஐந்து வருஷத்துக்கு முந்தைய சாவு, இனி யாருக்கு என்ன என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கொஞ்சம் மூளையைச் செலவழித்திருந்தால், அந்தக் கடுதாசியில் கம்பி ஓட்டை இல்லையே, கிழிக்க வேண்டியதை ஒருவர் ஏன் பஞ்சாங்கத்துக்குள் ஒளித்துவைத்தார் என்று யோசித்திருப்பேன். யோசிக்கவில்லை. பதிவேட்டில் பஞ்சாங்கத்துக்கு ஒரு எண் போட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

ஐம்பத்துநாலு தொடக்கத்தில், ஒரு திங்கட்கிழமை, எலிப்பொந்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, கொண்டையைச் சுற்றிப் பிச்சிப்பூ. விரல் நுனிகள் நார் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. தோவாளையிலிருந்து வருகிறேன், கொழும்புக்குப் போனவரின் பெண்சாதி நான்தான் என்றாள்.

நான் பெஞ்சை இழுத்துப் போட்டேன்.

அவள் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். மகளுக்குக் கொட்டாரம் ஊரில் நல்ல இடம் அமைந்திருக்கிறது. சனிக்கிழமை கல்யாணக் கடுதாசி அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள். பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவதா, சும்மா போடுவதா? ஆறு வருஷமாகக் கடுதாசி இல்லை, ஆள் இருக்கிறாரா இல்லையா தெரியாது என்று எந்த அச்சாபீசிலும் போட முடியாதே. நிச்சயமாகச் சொல்லாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். புருஷனின் அண்ணனான மூத்தவர் இருந்தவரை, வருவான் வருவான், கொழும்பில் இப்போது நிலவரம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மகனைக் கேட்டால், காகிதம் எல்லாவற்றையும் காலேஜில் கொடுத்துவிட்டேன் என்கிறான். அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லு பிள்ளே என்றாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒளித்துவைத்தவர் செத்துப்போனார். கடலுக்கு இந்தப் பக்கம் இவள் விதவை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அதைக் காட்டுவதற்கு இருந்த ஒரே தாளை ஓடையில் விட்டவளும் நான்.

நான் என்ன செய்தேன்? பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். பாருங்கக்கா, வந்ததெல்லாம் இதில் இருக்கிறது, அப்படி ஒரு கடுதாசி இல்லை என்றேன். எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் தெரியுமா, சாட்சிக் கூண்டில் நிற்கிறவள் மாதிரி. பதிவேடு நான் எழுதியது, அதில் இல்லாதது நான் கிழித்தது. கொண்டையில் பூ வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று அப்போது நினைத்தேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் வேலை.

அவள் பதிவேட்டின் மேல் விரலை வைத்து வரிவரியாகக் கீழே இறக்கினாள். அவளுக்குக் கூட்டித்தான் வாசிக்க வரும். பிறகு, அவர் எழுதினதில் கடைசிக் கடுதாசியை மட்டும் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டாள். மூத்தவர் எப்போதும் வாசித்துவிட்டு, சுகமாக இருக்கிறானாம், நூல் அளந்து கேட்டிருக்கிறான் என்று மட்டும்தான் சொல்வாராம். நான் எடுத்து வாசித்தேன். நூல் வந்தது என்று எழுதியிருந்தார். அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தார். அவள் நூல் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை கேட்டாள். போகும்போது மடியிலிருந்து ஒரு முழம் பிச்சியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் தொடவில்லை.

செவ்வாயும் புதனும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்கு யாரோ கண்போட்டுவிட்டார்கள் என்று அம்மா மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். வியாழக்கிழமை காலையில் பேராசிரியர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கத்துகிற மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கிழிச்சது கைப்பழக்கம். அத நான் புரிஞ்சுக்கிடலாம்," என்றார். "திங்கட்கிழமை இல்லன்னு சொன்னியே, அது எந்தப் பழக்கம்?"

தாளை இனி யாராலும் கொண்டுவர முடியாது, வாசித்தவள் நீ இருக்கிறாய், போய்ச் சொல்லிவிட்டு வா, வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் தோவாளைக்குப் போனேன். காலைச் சந்தை கலைந்து, தெருவெல்லாம் வாடிய செவ்வந்தி கிடந்தது. வீட்டுக்குப் பின்னால், கால்வாய்க் கரையை ஒட்டி, ஓலைக் கொட்டகை ஒன்றில் அவள் தனியாக உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் சுசீந்திரம் பக்கம் ஒரு கல்யாணம், அதற்கான மணமாலை. மகள் வீட்டுக்குள் இருந்தாள். என்னைப் பார்த்ததும், கிடைச்சுதா என்று முகம் மலர்ந்து கேட்டாள். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னை அறையத் தோன்றுகிறது.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். அப்படி ஒரு கடுதாசி இருந்தது, நான் வாசித்தேன், மூலை கறுப்பு, நான்தான் கிழித்தேன்.

அவள் கை நின்றது. நார் விரலிலேயே இருந்தது. கால்வாயில் யாரோ மாடு குளிப்பாட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பொறவு என்னத்துக்குத் திங்கக்கிழமை இல்லன்னு சொன்ன என்று கேட்டாள். பயந்துபோனேன் அக்கா என்றேன். எனக்குப் பயந்தியா, உனக்க சாருக்குப் பயந்தியா என்றாள். ரெண்டு பேருக்கும் என்றேன். அவள் அதைத் தலையசைத்து வாங்கிக்கொண்டாள்.

அதில் என்ன இருந்தது என்று ஒரு சொல் விடாமல் சொல்லச் சொன்னாள். நினைவில் இருந்ததைச் சொன்னேன். கடைசி மூன்று நாள் கடுங்காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை விடியற்காலம். கடையில் இருந்த நாலு பேர் தூக்கிக்கொண்டு போனது. கடுதாசி எழுதினவர்தான் கொள்ளி வைத்தது. பேச்சு நின்ற பிறகும் சட்டைப் பையிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது, ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம். அதைச் சொன்னபோதுதான் அவள் முகம் உடைந்தது. சத்தமில்லை. கண்ணீர் தாடை வழியாக இறங்கிப் பூக்கூடையில் விழுந்தது.

கொஞ்சம் ஆறி, என்ன தேதி என்று கேட்டாள். திவசம் கொடுக்கத் திதி வேண்டுமே. எனக்குத் தேதி நினைவில்லை. எவ்வளவு முட்டிப் பார்த்தும் வரவில்லை. பஞ்சாங்கத்தில் எந்தப் பக்கத்தில் வைத்திருந்தார் என்று கேட்டாள். மூத்தவர் அந்தத் திதியின் பக்கத்திலேயே வைத்திருப்பார், அவர் அப்படிப்பட்ட ஆள் என்றாள். உதறும்போது விழுந்தது, பக்கம் பார்க்கவில்லை என்றேன். எதற்குள், எந்த இடத்தில் என்று எழுதச் சொன்ன சட்டம் எதற்காக என்று அந்தக் கொட்டகையில்தான் எனக்குப் புரிந்தது. வருஷம் மட்டும் தெரியும், பஞ்சாங்கத்தின் அட்டையில் இருந்தது.

வருஷத்தைக் கேட்டதும் அவள் தனக்குள் எதையோ கூட்டிப் பார்த்தாள். அந்த வருஷம் ஓணத்துக்கு மூத்தவர் அவளுக்கு மட்டும் புதுப்புடவை எடுத்துக் கொடுத்தாராம். வீட்டில் எல்லாரும் முகம் சுளித்தார்களாம். அதற்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லையாம். பூ கட்டும் இடத்தில் வந்து நின்றாலும் மாலையைத்தான் பார்ப்பாராம்.

இதையும் விளங்கச் சொல்லிவிடுகிறேன். அவள் கட்டுகிற மணமாலைக்கு ஆரல்வாய்மொழியிலிருந்து மண்டைக்காடு வரை ஆள் வரும். அந்த வீட்டு அடுப்பு அவள் விரலில்தான் எரிந்தது. ஆனால் புருஷன் இல்லாதவள் கட்டிய மாலையைக் கல்யாணப் பெண்ணின் கழுத்தில் யாரும் போடமாட்டார்கள். கோயிலுக்கும் எடுக்கமாட்டார்கள். அந்தக் கடுதாசி வீட்டுக்கு வந்த அன்றே அவள் கொட்டகையிலிருந்து எழுந்து அடுக்களை மூலைக்குப் போயிருக்க வேண்டும்.

"எனக்கு வேண்டியும் செய்திருக்கலாம், பூவுக்கு வேண்டியும் செய்திருக்கலாம்," என்றாள். "கேக்கதுக்கு ஆளு இல்ல."

பிறகு மடியில் கிடந்த மாலையைப் பார்த்தாள். பாதி முடிந்திருந்தது. அவள் அதைக் கீழே வைத்துவிட்டு யாரையாவது கூப்பிடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

"ஆறு வருசமா நான் கெட்டின மாலை எத்தன கழுத்துல விழுந்திருக்கும், மக்கா. எல்லா மணமாலையும் தாலி அறுத்தவ கெட்டினது. ஒருத்திக்காவது கெடுதல் வந்துதா?"

இத முடிச்சிட்டு முங்குதேன் என்று சொல்லிவிட்டு அவள் கட்டத் தொடங்கினாள். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். அரளியும் பிச்சியும் துளசியும் அந்தக் கறுத்த விரல்களுக்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு முடிச்சுகூட இளகவில்லை. முடித்து, ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்தாள். எழுந்து கால்வாயில் இறங்கி மூன்று தடவை முங்கினாள். இரண்டாவது முங்கலில் கொண்டைப்பூ அவிழ்ந்து தண்ணீரோடு போயிற்று. நனைந்த சேலையோடு கரையேறி, நாளைக்கு நீ எனக்க கூட கொட்டாரத்துக்கு வரணும் என்றாள். நான் எதற்கு என்று கேட்டேன்.

"கடுதாசியக் கிழிச்சிட்ட. இப்ப நீதான் கடுதாசி."

சனிக்கிழமை போனோம். மாப்பிள்ளை வீட்டில் நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெறும் நெற்றியோடு வந்தவளைப் பார்த்ததும் வீட்டுப் பெண்களுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. நான் கல்லூரியில் பார்க்கிற வேலையைச் சொல்லி, வாசித்ததைச் சொன்னேன். அவர்களில் ரொம்ப வயதானவர், கடுதாசி எங்கே என்று கேட்டார். கிழித்துவிட்டேன் என்றேன். இதோடு எல்லாம் போயிற்று, யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். அவரோ மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, பின்னே, எழவுக் கடுதாசிய எவன் பெட்டிக்குள்ள வைப்பான் என்று சாதாரணமாகச் சொன்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். முழுக் கடுதாசியைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால்தான் இது எப்படி இத்தனை வருஷம் கிடந்தது என்று ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள். நான் கிழித்ததுதான் அவர்களுக்குச் சாட்சியாயிற்று. ஆறு வருஷம் ஆகிவிட்டது, தீட்டு முங்கினதோடு தீர்ந்தது, பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று முடிவாயிற்று. அன்று சாயங்காலமே காலஞ்சென்ற என்ற சொல்லோடு கல்யாணக் கடுதாசி அச்சுக்குப் போயிற்று.

கல்யாணத்துக்கு நானும் போனேன். அவள் வெள்ளைச்சேலையில் அடுக்களைப் பக்கம் நின்றாள், மணவறைக்கு முன்னால் வரவில்லை. தாரை வார்த்துக் கொடுத்தது மூத்தவரின் மகனும் அவன் மனைவியும். பெண்ணின் கழுத்தில் கிடந்த மாலையை யார் கட்டியது என்று பந்தலில் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும், மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் அக்கினியைச் சுற்றினாள். எங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பந்தலில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே எனக்கு ஆத்திரமாக வருகிறது. அதற்குப் பிறகு அவள் பூவைத் தொடவில்லை. தொட விடவில்லை என்பதுதான் சரி. ஆறு வருஷமாக நாடு முழுக்க மாலை கட்டிக் கொடுத்த கை, தேங்காய் நார் திரிக்கப் போயிற்று. நான் சொன்ன உண்மை அவளுக்குச் செய்தது அதுதான்.

என் வேலை போகவில்லை. ஆனால் அந்தக் கட்டின் பதிவேட்டில், பஞ்சாங்கத்துக்குக் கீழே, ஒரு வரியை என் கையாலேயே எழுதவைத்தார் பேராசிரியர். உள்ளே ஒரு மரணக் கடுதாசி இருந்தது, எழுத்தர் கிழித்துவிட்டார், அவருடைய வாக்குமூலம் சொல்நோட்டில் உள்ளது. எத்தனையோ பேரை எதிரில் உட்காரவைத்து எழுதிய நான், அன்றைக்கு எதிரில் போய் உட்கார்ந்து சொன்னேன். அவர் எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்தில் அவளும் வந்தாள். அவள் சொல்வதையும் அவரே எழுதினார். நான் சாட்சி என்பதால் பேனாவைத் தொடக் கூடாது என்றார். கணவர் காலமான நாள் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வருஷத்தை மட்டும் போட்டு, நாள் தெரியவில்லை என்று எழுதட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்காமல், வெள்ளிக்கிழமை என்றாள். பேராசிரியருக்குப் புரியவில்லை. கடுதாசியில் செவ்வாய்க்கிழமை என்றல்லவா இருந்தது என்றார்.

"கொழும்புல அவரு செத்தது உங்க எழுத்துக்கு, சாரே. எனக்குச் செத்தது இந்தப் பிள்ள வந்து சொன்ன அந்த வெள்ளிக்கிழமை. நான் திவசம் குடுக்கப் போறது அந்தத் திதிக்குத்தான். அதையே போடுங்க."

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு இரண்டையும் எழுதினார். அவள் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, நார்த்தூசி படிந்த பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள். அந்தத் தாள் இன்றைக்கும் அந்தக் கல்லூரியில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள், நாளில் ஏன் குழப்பம் என்று கேட்டு எனக்கு எழுதியவர்களும் உண்டு. நான் திங்கட்கிழமையே வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்தில் திங்கட்கிழமை என்று இருந்திருக்கும். என் கோழைத்தனத்தால் அவள் புருஷனுக்கு இன்னும் நாலு நாள் உயிர் இருந்தது. அந்த நாலு நாளும் அவள் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எத்தனையோ தடவை தோவாளைக்கு பஸ் ஏறினேன், ஒரு தடவைகூடக் கேட்க வாய் வரவில்லை.